நாற்பத்திரண்டு பச்சைக் கண்ணாடிகள்

ஜனவரி 9

என் மரத்துக்காரருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அக்கா ரயில் நிலையத்துக்கே வந்து என் கையைப் பிடித்த பிடியில் கைக்கடிகாரப் பட்டை அறுந்துவிட்டது. "எனக்கு இன்னும் கண்ணு போகலைக்கா. நீ இப்படிப் பிடிச்சா கைதான் முதல்ல போகும்" என்றேன். அதற்கு நடைமேடையிலேயே நின்று ஒரு பாட்டம் அழுதாள்.

போன் வேண்டாம், கடிதம் போதும் என்று நான் சொன்னதற்கு நீங்கள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். போனில் நமக்கு மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் போட்டால், தபால்காரர் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி ஆறிவிடும். அதுவும் தவிர, எழுத்து என்று ஒன்றைப் பார்க்க முடிகிற வரைக்கும் உங்கள் கோழிக் கிறுக்கலைப் பார்த்துவைக்கலாம் என்று ஓர் ஆசை.

இங்குள்ள கண் டாக்டரும் அதையேதான் சொல்கிறார். ஓரமெல்லாம் போய்விட்டது, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் மிச்சம். ஊசி போட்டுப் பார்ப்பாராம். மே மாதம் வரை தாங்கலாம், அதற்குமேல் கேட்காதீர்கள் என்றார். நான் கேட்கவில்லை.

கண்ணாடிச் சுவரை முடித்துவிட்டு வந்ததில் எனக்கு நிம்மதி. பன்னிரண்டாம் மாடியில், மூன்று மாடி உயரக் கூடத்தில், நாற்பத்திரண்டு பலகைகள். என் கையால் இனி அவ்வளவு பெரிய வேலை நடக்காது. இலை இலையாக வெட்டி, சூளையில் ஒட்டவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை. நான் போட்டிருந்த முதல் திட்டம் தேன் நிறம், இடையிடையே வெறும் கண்ணாடி. நீங்கள்தான் "பச்சையாப் போடு, மரத்தோட சேர்ந்து சுவரும் காடு மாதிரி ஆயிடும்" என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். பார்த்தவர்கள் எல்லாம் பச்சையைத்தான் புகழ்கிறார்கள். சரி, ஜெயித்தது நீங்கள்தான். தோட்டக்காரர் சொல் கேட்டுக் கண்ணாடிக்காரி பேர் வாங்கிவிட்டாள் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேலை உங்களுக்கு. அத்திமரம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த மனையில் கட்டடம் வருவதற்கு முன்பே நின்ற மரம். வேரோடு பெயர்த்து, கிரேனில் தூக்கி, அந்தக் கூடத்துத் தொட்டியில் நட்டீர்கள். அது பிழைத்தால்தான் என் சுவருக்கு அர்த்தம். பழைய வேலிக்கம்பி பட்டைக்குள் பதிந்த தழும்பு ஒன்று இடுப்பு உயரத்தில் இருக்கிறதே, அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் நான் எல்லா அளவும் யோசித்தேன். கொஞ்சமாவது கண் இருக்கும்போது திரும்பி வந்து அதன் அடியில் உட்கார வேண்டும். இல்லாவிட்டாலும் வருவேன்.

கண்ணாடிக்காரி


ஜனவரி 22

கண்ணாடிக்காரிக்கு,

கோழிக் கிறுக்கல் என்று சொன்னதால் இந்தக் கடிதத்தைக் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். காலை எட்டு மணிக்குக் கூடத்தில் நிற்பவர்கள் எல்லோரும் பச்சையாக இருக்கிறார்கள். ஒன்பதாம் மாடிப் பல் டாக்டர் தன் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "என்னங்க, என்னையே ஊறுகாய் ஜாடிக்குள்ள போட்ட மாதிரி இருக்கு" என்றார். லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர் வேலையை விட்டுவிட்டு அரை மணி நேரம் சுவரையே பார்த்தார். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

ஆர்க்கிடெக்ட் அம்மா அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். சாவி, தண்ணீர்க் குழாய், தோட்டம் எல்லாம் இனி என் பாடு. வீடு பெரிதாகத் தெரிகிறது. உன் பக்கத்துத் தலையணையை எடுத்து அலமாரியில் வைத்தேன். பிறகு திரும்ப எடுத்துப் போட்டுவிட்டேன்.

மரம் இலை கொட்டுகிறது. இடம் மாற்றிய மரம் கொட்டத்தான் செய்யும். பயப்படாதே.

நான்


மார்ச் 4

என் மரத்துக்காரருக்கு,

ஊசி மூன்று போட்டாயிற்று. வலி ஒன்றுமில்லை, அக்காவின் அழுகைதான் தாங்கவில்லை. அத்தான் பாவம், காதே கேட்காத மாதிரி என்னிடம் சத்தமாகப் பேசுகிறார். "அத்தான், எனக்குப் போறது கண்ணு, காது இல்ல" என்றால், "ஓஹோ!" என்று அதையும் சத்தமாகச் சொல்கிறார்.

நடு வட்டம் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. நேற்று ஒரு கண்ணாடித் துண்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நிறம் சரியாகத் தெரிந்தது. அத்தானின் பட்டறையில் ஒரு சின்னச் சூளை சும்மா கிடக்கிறது. கை அரிக்கிறது, ஆனால் எதற்குச் செய்வது? செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன்.

போன கடிதத்தில் மரத்துக்கு மூன்று வரி, தலையணைக்கு மூன்று வரி. தலையணை எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கேட்கிறேன். புதுத் தளிர் வந்ததா, இல்லையா? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். இங்கே ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று குறைகிறது. எங்கேயாவது ஒன்று கூடுகிறது என்று கேட்டால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

கண்ணாடிக்காரி


மார்ச் 15

(இந்தக் கடிதம் எழுதிய அன்று அனுப்பப்படவில்லை)

உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மரம் செத்துக்கொண்டிருக்கிறது. தளிர் வரவில்லை. வந்த இரண்டும் வெளுத்து உதிர்ந்துவிட்டன. தண்ணீர், மண், வேர் எல்லாம் பார்த்துவிட்டேன். நேற்று பழைய நர்சரி நண்பனைக் கூட்டிவந்தேன். அவன் உள்ளே வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உனக்குப் புத்தி இருக்கா? இலை ஏன்டா பச்சையாத் தெரியுது? பச்சை வெளிச்சத்தை அது வேண்டாம்னு திருப்பி அனுப்புது, அதனாலதான். வேண்டாம்ங்கிறதை மட்டுமே நாளெல்லாம் ஊட்டினா அது எப்படிப் பிழைக்கும்?" என்று கேட்டான். கூடத்துக்கு மற்ற மூன்று பக்கமும் சுவர். வெளிச்சம் வர உன் கண்ணாடியை விட்டால் வேறு வழியில்லை.

முப்பது வருஷமாகச் செடியோடு பிழைக்கிறவன் நான். பச்சை போடு என்று சொன்னவனும் நான். நீ போட்ட தேன் நிறத் திட்டத்தில் சிவப்பு வெளிச்சம் தாராளமாக வந்திருக்கும், நடுவில் வெறும் கண்ணாடியும் இருந்தது. மரம் பிழைத்திருக்கும்.

இதை எப்படி உனக்கு எழுதுவது?


மார்ச் 16

கண்ணாடிக்காரிக்கு,

தளிர் வந்துவிட்டது. ஐந்து. மூன்று கிழக்குக் கிளையில், இரண்டு உச்சியில். நுனி லேசாகச் சிவந்து, தொட்டால் ஈரமாக இருக்கிறது. உன் சுவரின் பச்சை பட்டு இன்னும் அழகாகத் தெரிகிறது. நீ கவலையே படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

நான்


ஜூன் 11

என் மரத்துக்காரருக்கு,

இதை எழுதுவது அக்கா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள், அதனால் கொஞ்சல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

மே மாதக் கடைசியில் நடு வட்டமும் போய்விட்டது. ஒரு காலை எழுந்து, ஏன் இன்னும் விடியவில்லை என்று கேட்டேன். அக்கா அழ ஆரம்பித்ததும் தெரிந்துகொண்டேன். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது. கைத்தடி பழக்க ஒரு டீச்சர் வருகிறார், ரொம்பக் கண்டிப்பு. வாசற்படியில் தடுக்கினால், "படி அங்கேதான் இருந்துச்சு, நீங்கதான் வேற எங்கேயோ இருந்தீங்க" என்கிறார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

பயந்துபோன நாட்களில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐந்து தளிரை எண்ணினேன். கிழக்கில் மூன்று, உச்சியில் இரண்டு. டாக்டரிடம் சொன்னேன், டீச்சரிடம் சொன்னேன், பால் கொண்டுவருகிறவரிடம்கூடச் சொன்னேன். என் கண் போனாலும், நான் செய்த சுவருக்குப் பின்னால் ஒன்று உயிரோடு வளர்கிறது என்று இருந்தது.

ஆகஸ்டில் வருகிறேன். அக்கா கொண்டுவந்து விடுவாள். பிறகு எங்கேயும் போக மாட்டேன்.

(மாப்பிள்ளை, இது நான், அக்கா. அவள் சொன்னதில் பாதிக்குமேல் கொஞ்சல்தான். என்னால் எழுத முடியாமல் விட்டுவிட்டேன். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று மட்டும் சாப்பிடுகிறாள். அடிக்கடி எழுதுங்கள்.)


ஜூன் 20

கண்ணாடிக்காரிக்கு,

வா. ரயில் நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்பேன். வீட்டில் மேஜையை ஓரமாக நகர்த்திவிட்டேன், சமையலறை வாசலில் இருந்த மிதியடியையும் எடுத்துவிட்டேன். கத்திகளைத் தனி டப்பாவில் போட்டிருக்கிறேன்.

மரம் நன்றாக இருக்கிறது. வளர்கிற மரம், முன்னைக்கு இப்போது கொஞ்சம் மாறித்தான் இருக்கும்.

நான்


ஆகஸ்ட் 17

ஐயா,

அக்காதான் எழுதுகிறாள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஒரே நாளில் ஏன் திரும்பிப் போனேன் என்று பல் டாக்டர் உங்களிடம் கேட்டிருப்பார். என்ன பதில் சொன்னீர்கள்? உடம்பு சரியில்லை என்றா? உங்களுக்குத்தான் இப்போது அது சுலபமாக வருகிறதே.

கூடத்துக்குள் நுழைந்ததும் முகத்தில் வெயில் பட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தேன். தடியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, எட்டு அடி வைத்து மரத்தைத் தொட்டேன். இடுப்பு உயரத்தில் தடவினேன். சுற்றிச் சுற்றித் தடவினேன். என் கட்டைவிரலுக்கு அந்த மரத்தில் இடமே இல்லை. பட்டை வழுவழுவென்று சின்னப்பிள்ளைக் கை மாதிரி இருந்தது. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

"இது எந்த மரம்?" என்று கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அதே மரம்தான்மா. தழும்பு ஆறிடுச்சு."

கம்பி விழுங்கின மரத்துக்குத் தழும்பு ஆறுமா? கண் போனதோடு மூளையும் போய்விட்டது என்று நினைத்தீர்களா? கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். என் கைக்குத் தெரிந்ததை என் முகத்துக்கு நேராக நின்று இல்லை என்று சொல்ல உங்களுக்கு நாக்கு கூசவில்லையா? கூடத்தில் நாலு பேர் நின்றார்கள், மூச்சுச் சத்தம் கேட்டது. அவர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

என்ன நடந்தது என்று முழுதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் இனி ஒன்றும் எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 24

கண்ணாடிக்காரிக்கு,

மார்ச் பதினைந்தாம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன். முதலில் அதை வாசிக்கச் சொல்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் மரம் ஏப்ரல் 19 அன்று செத்தது. அடிவரை அறுத்து நானே சரக்கு லிஃப்டில் இறக்கினேன். தழும்பு இருந்த துண்டை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், உன் கண்ணில் படும் என்று பயந்து அதையும் அனுப்பிவிட்டேன். அப்போது உனக்குக் கொஞ்சம் கண் இருந்தது. மே மாதம் நர்சரியிலிருந்து வேறொன்று கொண்டுவந்து நட்டேன். நீ தொட்டது அதைத்தான். அதுவும் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. குடியிருப்புச் சங்கத்தில் மரத்துக்கு நோய் என்றேன். உன் கண்ணாடியால் என்று யாரிடமும் சொல்லவில்லை.

உன் கடைசி வேலையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கண் போகிற நேரத்தில் இதையும் உன் தலையில் ஏற்ற வேண்டாம் என்று நினைத்தேன். உனக்காகத்தான் மறைத்தேன்.

நான் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடுகிறேன். மரமும் வேண்டாம், சுவரும் வேண்டாம். ஒரு வார்த்தை சொல்.

நான்


செப்டம்பர் 5

மரத்துக்காரருக்கு,

அந்தப் பழைய கடிதத்தை அக்கா இரண்டு தடவை வாசித்தாள்.

எனக்காக மறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சை போடச் சொன்னது நீங்கள். செடிக்காரர் சொல்லி நடந்த தப்பு, அது வெளியே தெரிந்தால் தலைகுனிவு உங்களுக்கு. எனக்காக என்பது அதற்குப் போட்ட உறை. அதையாவது உடைத்துச் சொல்லியிருந்தால், "போங்க, ரெண்டு பேரும் சேர்ந்து முட்டாளானோம்" என்று சிரித்திருப்பேன். நான் அப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியாதா?

தேதியைப் பாருங்கள். மார்ச் 15. அப்போது எனக்கு நடு வட்டம் இருந்தது. நிறம் தெரிந்தது, உங்களுக்கே எழுதியிருந்தேன். அத்தானின் சூளை சும்மா கிடந்தது. மே கடைசி வரை பத்து வாரம். சொல்லியிருந்தால் தேன் நிறத்தில் புதுசாகச் செய்திருப்பேன். நாற்பத்திரண்டு முடியாது, இருபதாவது செய்திருப்பேன். மரத்துக்கு அது போதும். பழைய மரம் பிழைத்திருக்கும், நான் வேலை செய்துகொண்டே குருடாகியிருப்பேன். எனக்கு அதுதான் வேண்டும். அந்தப் பத்து வாரமும் நான் கையைக் கட்டி உட்கார்ந்து, இல்லாத ஐந்து தளிரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்குப் போன் செய்தேன். "எனக்கே தெரியாதேம்மா" என்று அதிர்ந்துபோனார். சுவரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்று அவர் கெஞ்சினார். நான் செய்ததை இனி என்னால் பார்க்கவும் முடியாது. எதற்காக அது அங்கே நின்று இன்னொரு மரத்தையும் கொல்ல வேண்டும்? வெறும் கண்ணாடி போடுங்கள்.

நீங்கள் வர வேண்டாம். இப்போது வேண்டாம்.


அக்டோபர் 14

கண்ணாடிக்காரிக்கு,

நீ சொன்னது சரி. உனக்காக மறைக்கவில்லை. என் மானத்துக்காக மறைத்தேன். இதை எழுதவே இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

சுவரை மூன்று நாளில் கழற்றினார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாற்பத்திரண்டில் ஆறு பலகை உடைந்தன. அதில் இரண்டை உடைத்தது நான். மிச்சத்தைத் துணி சுற்றிக் கீழ்த்தள அறையில் வைத்திருக்கிறேன், ஆர்க்கிடெக்ட் அம்மா ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். வெறும் கண்ணாடி போட்ட அன்று கூடம் பளிச்சென்று ஆகிவிட்டது. பல் டாக்டர் வந்து பார்த்து, "அப்பாடா, இப்பதான் இது மனுஷன் உட்கார்ற இடம் மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை.

மரத்தில் பதினோரு இலை இருக்கிறது. நான்கு வெளுப்பு. தளிர் இல்லை. பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ இல்லாமல் எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. உன் குரல் கேட்காமல் பைத்தியம் பிடிக்கிறது. இதில் எதுவும் பொய்யில்லை. எப்போது வருவாய்?

நான்


நவம்பர் 2

மரத்துக்காரருக்கு,

இதை நானே எழுதுகிறேன். டீச்சர் ஓர் அட்டையில் வரி வரியாக வெட்டித் தந்திருக்கிறார், அதற்குள் பேனாவை ஓட்டுகிறேன். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குத் தெரியாமல் எழுத வேண்டியிருந்தது.

பல் டாக்டர் சொன்னதை அக்கா வாசிக்கத் தயங்கினாள். வாசி என்றேன். வலித்தது. ஆனால் அந்த இடத்தை மட்டும் நான் உடனே நம்பினேன். சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். நிஜமாக இருக்குமா, என்னை வரவழைக்க எழுதியதாக இருக்குமா என்று அரை நாள் யோசித்தேன். என் புருஷன் சாப்பிட்டாரா இல்லையா என்பதில் எனக்குச் சந்தேகம் வருகிறது. எனக்கே என்னைப் பார்த்து அழுகை வந்தது.

கோபம் தீர்ந்துவிட்டது. மரம் செத்ததை மன்னித்துவிட்டேன், பத்து வாரத்தைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். உங்கள்மேல் ஆசையும் குறையவில்லை. மத்தியானம் கதவுச் சத்தம் கேட்டால் நீங்கள்தானோ என்று எழுந்து நிற்கிறேன்.

ஆனால் இனி வானம் மப்பா தெளிவா, சட்டை எந்த நிறம், எதிரில் நிற்பவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா, எல்லாவற்றையும் யாராவது சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். செத்துப்போகிற வரைக்கும் அப்படித்தான். அந்த யாராவது நீங்கள் என்று நினைத்துத்தான் நான் பயப்படாமல் இருந்தேன். அதனால் இங்கேயே இருந்துவிடுகிறேன். அக்கா அழுவாள், ஆனால் இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்வாள்.

கடிதம் எழுதுங்கள், நிறுத்திவிடாதீர்கள். மரத்தைப் பற்றி எழுதுங்கள், உங்களைப் பற்றியும் எழுதுங்கள். வந்ததும் அக்காவை வாசிக்கச் சொல்வேன், ஒரு வரி விடாமல் கேட்பேன். கேட்டு முடித்ததும், ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்குப் போன் போட்டு, அதெல்லாம் நிஜமா என்று விசாரிப்பேன்.